அப்பாவுக்கு ஸ்டெம் செல் போடலாமா? ஒரு மகளோட கடிதமும் என் பதிலும்

போன வாரம் ஒரு மகள் எழுதின கடிதம் இது, நீளமான கடிதம், நாலு தடவ படிச்சேன். அடையாளம் தெரியற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

அப்பாவுக்கு வயசு 66, பார்க்கின்சன்ங்கற மூளை நரம்பு நோய் வந்து 9 வருஷம் ஆச்சு. முதல்ல வலது கையில நடுக்கம், சட்டை பட்டன் போட ரொம்ப நேரம் ஆகுறது, அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. பார்க்கின்சனுக்கு வழக்கமா கொடுக்கற லெவோடோபா மாத்திரை தொடங்கினதும் முதல் நாலஞ்சு வருஷம் நல்லாவே இருந்திருக்கார். இப்ப ஒரு நாளைக்கு 5 வேளை மாத்திரை, ஒவ்வொரு வேளையும் ரெண்டரை மூணு மணி நேரம்தான் தாங்குது, அதுக்கப்புறம் மரக்கட்டை மாதிரி இறுகிடறார், மாத்திரை நல்லா வேலை செய்யற நேரத்துல தோளும் கழுத்தும் தானா ஆடுது. கதவுகிட்ட வந்தா கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுது. இந்த ஒரு வருஷத்துல 3 தடவ விழுந்திருக்கார், மறதியும் லேசா எட்டிப் பாக்குதுன்னு எழுதிருக்காங்க.

தம்பி ஆன்லைன்ல தேடி ஒரு கிளினிக்கை பிடிச்சிருக்கார். இடுப்பு எலும்புல இருந்து மஜ்ஜை எடுத்து, அதுல இருக்க ஸ்டெம் செல்லை (வேற வகை செல்லா வளரக் கூடிய மூல செல்) பிரிச்சு, முதுகுத் தண்டுல ஊசி மூலமாவும் கையில டிரிப்ஸ் மூலமாவும் ஏத்துவாங்களாம், மொத்தம் மூணு சிட்டிங். "உங்க அப்பாவோட சொந்த செல்தான், சைடு எஃபெக்ட்டே வராது"ன்னு சொல்லிருக்காங்க, ஒரு நோயாளியோட முன்னாடி-பின்னாடி வீடியோவும் அனுப்பிருக்காங்க. முதல் சிட்டிங்குக்கு 2 வாரம் முன்னாடியே பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்திடணுமாம். வீட்டு சேமிப்பு மொத்தமா போயிடும். அம்மாவோ "ஒரு தடவையாவது முயற்சி பண்ணிப் பாக்கலன்னா காலம் பூரா மனசு உறுத்தும்"னு அழறாங்க. வழக்கமா பாக்கற நரம்பு டாக்டர்கிட்ட இன்னும் சொல்லல, திட்டுவாரோன்னு பயம். கடைசில கேட்டிருக்கறது இது: "ஜப்பான்ல ஸ்டெம் செல் வச்சு பார்க்கின்சன் குணமாச்சுன்னு செய்தி வந்துச்சே டாக்டர், இதுவும் அதே தானே? போடலாமா வேண்டாமா?"

சகோதரி, உங்க கேள்விக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இத படிச்சு முடிக்கற வரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தாதீங்க

9 வருஷமா லெவோடோபா எடுத்துட்டு இருக்கறவருக்கு அத திடீர்னு நிறுத்தறது உயிருக்கே ஆபத்து. உடம்பு பலகை மாதிரி இறுகி, ஜுரம் ஏறி, நினைவு தப்பி, தசை சிதைஞ்சு அந்த சிதைவு சிறுநீரகத்தை பாதிக்கற வரைக்கும் போகலாம். இதே மாதிரி மாத்திரையை நிறுத்தச் சொன்னதால ஆறாவது நாள் ஸ்ட்ரெச்சர்ல என்கிட்ட வந்த ஒருத்தரை நான் பாத்திருக்கேன், எந்த இடம்னு பேர் சொல்லப் போறதில்ல, அவரோட மனைவி கையில அந்த இடத்துல எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது, அதுல "பழைய மருந்துகள் நிறுத்தவும்"னு ஒரே வரி. எத்தனை நாள்ல, எப்படி குறைக்கணும், என்ன ஆனா யாரைக் கூப்பிடணும், ஒண்ணுமே இல்ல. அவர் பொழைச்சார், ஆனா பழைய நடைக்கு திரும்பல.

பார்க்கின்சன் மாத்திரையை மாத்தறதோ குறைக்கறதோ உங்க நரம்பு டாக்டர் கண்காணிப்புலதான் நடக்கணும். மத்த எதுல நீங்க என் பேச்சை கேக்கலனாலும் பரவால்ல, இத மட்டும் கேளுங்க.

ஜப்பான்ல நடந்ததும் இதுவும் ஒண்ணா?

இல்லங்க. பேர்தான் ஒண்ணு. "ஸ்டெம் செல்"ங்கறது "மாத்திரை"ங்கற மாதிரி ஒரு பொதுச்சொல். மாத்திரைன்னு சொன்னா என்ன மாத்திரைன்னு கேப்போம் இல்லையா, அதே மாதிரி இங்கயும் மூணு கேள்வி கேக்கணும்: எந்த செல், அது உடம்புல எங்க போகுது, அங்க போய் என்னவா ஆகுது. இந்த மூணையும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா யார் என்ன பேசினாலும் நீங்களே எடை போட்டுக்கலாம்.

பார்க்கின்சன்ல என்ன நடக்குதுன்னா, நடுமூளையில சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு சின்ன கருப்பு பட்டை மாதிரி ஒரு இடம் இருக்கு, அங்க இருக்க, அசைவுக்குத் தேவையான டோபமைன்ங்கற ரசாயனத்தை சுரக்கற நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமா சாகுது. நடுக்கம் வெளிய தெரியற நேரத்துல பாதிக்கு பக்கம் போயே போயிருக்கும். அந்த செல்கள் புட்டாமென்ங்கற வேற ஒரு பகுதிக்கு நீளமா நரம்பு விட்டு அங்கதான் டோபமைனை கொட்டும். அதனால டோபமைன் சுரக்கற செல்லை வளர்த்து நேரா புட்டாமென்லயே வச்சா என்னன்னு யோசிச்சதுதான் இந்த சிகிச்சையோட மூலக் கருத்து. மூளை சிதைவு நோய்கள்ல பார்க்கின்சனுக்கு இது முதல்ல வந்ததுக்கும் அதுதான் காரணம், இங்க முக்கியமா சாகுறது ஒரு வகை செல், வைக்க வேண்டியது ஒரு சின்ன இடம். அல்சைமர்ல அப்படி இல்ல, மூளை முழுக்க பல வகை செல்லும் அதோட இணைப்பும் அழியுது, எதை எங்க வைக்கறதுன்னே கேள்வி. அதனால ஒரே ஊசியில பார்க்கின்சன், அல்சைமர், ஆட்டிசம், பக்கவாதம் எல்லாத்துக்கும் தீர்வுன்னு போர்டு வச்சிருந்தா அங்கயே உஷாராகிடணும்.

ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல என்ன செஞ்சாங்கன்னா, ஆரோக்கியமான ஒருத்தர் கொடுத்த செல்லை ஐபிஎஸ் செல்லா மாத்தி (சாதாரண செல்லை பின்னோக்கி குழந்தைப் பருவத்துக்கு கொண்டு போற இந்த முறைக்குத்தான் ஜப்பான் விஞ்ஞானி யமனகாவுக்கு 2012ல நோபல் கிடைச்சது), அத ஆய்வுக்கூடத்துல வாரக்கணக்கா பழக்கி டோபமைன் செல் ஆகற பாதையில கொண்டு வந்து, தேவையில்லாத செல்லை எல்லாம் வடிகட்டி எடுத்துட்டு, மண்டை ஓட்டுல துளை போட்டு, ஸ்கேன் வழிகாட்டுதலோட ரெண்டு பக்க புட்டாமென்லயும் வச்சாங்க. அந்த செல்லை உடம்பு வெளியாள்னு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து ஒரு வருஷத்துக்கு மேல. மொத்தம் 7 பேர், வயசு 50ல இருந்து 69. முடிவு 2025 ஏப்ரல்ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்தது. கடுமையான பாதிப்பு யாருக்கும் இல்ல, 2 வருஷத்துல கட்டியும் வரல, இது பெரிய விஷயம். பலன் அளந்து பாத்த 6 பேர்ல 4 பேருக்கு மாத்திரை இல்லாத நேரத்து அசைவு முன்னேறியிருந்தது, 6 பேருக்கும் சேத்து சராசரி பாத்தா 20 சதவீதம் அளவு. அதே நேரத்துல அதே இதழ்ல, கரு ஸ்டெம் செல்லுல இருந்து செஞ்ச டோபமைன் செல்லை வச்சு அமெரிக்கா, கனடாவுல 12 பேருக்கு செஞ்ச சோதனையும் வந்தது, அதுலயும் செல் பொழைச்சிருக்கு, ஆபத்து பெருசா இல்ல.

நல்ல சேதிதான், எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்த துறையில இருக்கறவங்க 40 வருஷமா எதிர்பார்த்துட்டு இருந்த ஒண்ணு. ஆனா "குணமாச்சு"ன்னு அந்த ஆராய்ச்சியாளர்களே சொல்லல. எல்லாரும் தொடர்ந்து மாத்திரை எடுத்துட்டுதான் இருந்தாங்க. ஒப்பிட்டுப் பாக்க சிகிச்சை கொடுக்காத குழு ரெண்டுலயும் இல்ல, அது ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன்.

இப்ப உங்க கிளினிக்குக்கு அதே மூணு கேள்வியை போடுங்க. எந்த செல்? எலும்பு மஜ்ஜை செல், அதோட இயல்பான வேலை ரத்தம், எலும்பு, கொழுப்பு இந்த மாதிரி திசுக்களை உருவாக்கறது. எங்க போகுது? டிரிப்ஸ்ல ஏத்தினது பெரும்பாலும் முதல் சுத்துலயே நுரையீரல்ல சிக்கிக்கும், முதுகுல போட்டது தண்டுவடத்தை சுத்தி இருக்க நீர்ல மிதக்கும், புட்டாமென்ல போய் உக்காரணும்னு அதுக்கு யாரும் வழி காட்டல. என்னவா ஆகுது? மஜ்ஜை செல் மூளைக்குள்ள போய் டோபமைன் சுரக்கற நரம்பு செல்லா மாறி வேர் விடறதுக்கு ஆதாரம் இல்ல. மூணு கேள்விக்கும் பதில் ஜப்பான்ல நடந்ததுக்கு நேர் எதிரா இருக்கு.

"சொந்த செல்தானே"ங்கற சமாதானம்

கடிதத்துல இத மூணு இடத்துல எழுதிருக்கீங்க, அவ்ளோ ஆழமா பதிஞ்சிருக்கு. சொந்த செல்னா உடம்பு தள்ளாது, அது வரைக்கும் சரி. அதுக்காக அது வேலை செய்யும்னோ ஆபத்தில்லன்னோ அர்த்தம் ஆகாது.

ஒரு பழைய கதை சொல்றேன். 1982ல ஸ்டாக்ஹோம்ல ஒரு நோயாளியோட சொந்த அட்ரினல் சுரப்பி திசுவை எடுத்து அவர் மூளையிலயே வச்சாங்க, அந்த திசுவும் டோபமைன் மாதிரி பொருட்களை சுரக்கும்ங்கறதால. 1987ல மெக்சிகோவுல இருந்து ஒரு கட்டுரை வந்தது, ரெண்டே ரெண்டு பேர், இளம் நோயாளிங்க, அசத்தலான முன்னேற்றம்னு. அவ்ளோதான், உலகம் முழுக்க நூத்துக்கணக்கான பேருக்கு அந்த ஆபரேஷன் நடந்துச்சு. கொஞ்ச வருஷத்துல பாத்தா பலன் நிக்கல, சிக்கல்கள் ஏகப்பட்டது, இறந்தவங்க மூளையை பரிசோதிச்சா வச்ச செல்கள் பெரும்பாலும் செத்தே போயிருந்தது. அப்படியே கைவிட்டாங்க. அதுவும் சொந்த திசுதான் சகோதரி.

இன்னொண்ணு 2014ல பதிவானது. தண்டுவடம் அடிபட்ட ஒரு இளம்பெண்ணுக்கு அவங்க மூக்கோட உள்சவ்வுல இருந்தே செல் எடுத்து தண்டுவடத்துல வச்சாங்க. 8 வருஷம் கழிச்சு முதுகு வலின்னு வந்தாங்க, திறந்து பாத்தா அந்த இடத்துல ஒரு கட்டி, உள்ள சளி மாதிரி திரவம். மூக்கு செல் மூக்குல செய்யற வேலையை முதுகுலயும் செஞ்சிருக்கு, செல்லுக்கு தெரிஞ்சது அதுதானே. வேற ஆள் செல்னா இன்னும் மோசம், அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியாங்கற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு மாஸ்கோவுல கருவோட நரம்பு செல்லை மூளையில போட்டாங்க, 4 வருஷம் கழிச்சு மூளையிலயும் தண்டுவடத்துலயும் கட்டி. ஆய்வு பண்ணா கட்டி அவன் செல்லால ஆனதே இல்ல, கொடுத்தவங்க செல்லால ஆனது. 2009ல வெளிவந்த இந்த அறிக்கையை நான் படிச்ச நாள் இன்னும் ஞாபகம் இருக்கு.

இதெல்லாம் அடிக்கடி நடக்கும்னு பயமுறுத்த சொல்லல. மஜ்ஜை செல் போட்டுக்கிட்ட நிறைய பேருக்கு நல்லதும் ஆகாது கெட்டதும் ஆகாது, பணம் மட்டும் போகும், சில பேருக்கு தலைவலி, கிருமித் தொற்று, மூளைக் காய்ச்சல் வரைக்கும் வரலாம். "வரவே வராது"ன்னு எந்த மருத்துவரும் எந்த ஊசிக்கும் சொல்ல முடியாது, சொன்னா அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுந்து வந்துடுங்க.

அந்த வீடியோ

நீங்க அனுப்பின லிங்க்கை திறந்து பத்து தடவைக்கு மேல பாத்தேன், நிறுத்தி நிறுத்தி பாத்தேன். முதல் பாதியில அவர் நாற்காலில இருந்து எழவே கஷ்டப்படறார், முகத்துல அசைவே இல்ல, கை ஆடாம உடம்போட ஒட்டி இருக்கு. ரெண்டாவது பாதியில எழுந்து வேகமா நடக்கறார், திரும்பறார், சிரிக்கறார். உங்க தம்பிக்கு புல்லரிச்சதுல ஆச்சரியமே இல்ல. ஆனா ரெண்டாவது பாதியில அவர் நின்னு பேசற இடத்துல அவரோட இடது தோளை பாருங்க, தலையையும் பாருங்க. பாம்பு நெளியற மாதிரி லேசா ஆடிட்டே இருக்கு. உங்க அப்பாவுக்கு மாத்திரை வேலை செய்யறப்ப வர்ற அதே ஆட்டம். என் கண்ணுக்கு அது லெவோடோபா ஏறின உடம்போட ஆட்டமாத்தான் தெரியுது. முதல் பாதி மாத்திரை இல்லாம எடுத்தது, ரெண்டாவது பாதி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்ததுன்னு வச்சுக்கிட்டா வீடியோ முழுக்க பொருந்துது, நடுவுல எந்த செல்லுமே தேவையில்ல.

வீட்லயே செஞ்சு பாருங்க. காலைல எழுந்ததும் முதல் மாத்திரைக்கு முன்னாடி அப்பா நடக்கறதை ரெண்டு நிமிஷம் எடுங்க, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு அதே இடத்துல அதே வெளிச்சத்துல மறுபடி எடுங்க. விழாம பக்கத்துல ஒருத்தர் நிக்கட்டும். ரெண்டையும் சேர்த்து தம்பிகிட்ட காட்டுங்க.

அப்புறம் "4வது நாளே நடுக்கம் நின்னுச்சு"ன்னு அதுல ஒரு வரி ஓடுது. மூளையில நேரா வச்ச டோபமைன் செல்லே வளர்ந்து நரம்பு விட்டு வேலைக்கு வர பல மாசம், முழு பலனுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு ஆகும். நாலு நாள்ல வர்ற முன்னேற்றம் புது செல்லால வந்ததா இருக்கவே முடியாது.

அப்ப அந்த நோயாளி பொய் சொல்றாரான்னா அதுவும் இல்ல, அவர் நம்பறார். பார்க்கின்சன்ல நம்பிக்கைக்கே ஒரு மருந்து குணம் உண்டு, மருந்து கிடைக்கப் போகுதுன்னு எதிர்பார்த்தாலே நோயாளி மூளையில டோபமைன் சுரக்குதுன்னு 2001லயே ஸ்கேன்ல காட்டிட்டாங்க. அதனாலதான் நேர்மையான ஆராய்ச்சில ஒரு பகுதி பேருக்கு பொய் ஆபரேஷன் செய்வாங்க, கேக்க கொடூரமா இருக்கும், ஆனா அவசியம். 2001ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல 40 பேர், 20 பேருக்கு கருவோட டோபமைன் செல்லை மூளையில வச்சாங்க, 20 பேருக்கு மண்டை ஓட்டுல துளை மட்டும் போட்டுட்டு மூளையைத் தொடாம மூடிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு நோயாளிங்க தங்களுக்கு எவ்வளவு நல்லாச்சுன்னு கொடுத்த மதிப்பெண்ல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல. அதோட, நமக்கு செல் வச்சாச்சுன்னு நம்பினவங்க உண்மையில எந்த குழுவுல இருந்தாலும் வாழ்க்கைத் தரம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நான் இத ஒவ்வொரு தடவை நினைக்கறப்பவும் மனசு கனக்கும், எவ்ளோ ஏங்கியிருந்தா அப்படி உணர்ந்திருப்பாங்க.

அதே ஆய்வுல அப்புறம் ஒரு சிக்கலும் வந்துச்சு, செல் வச்சவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு மாத்திரையை குறைச்சும், நிறுத்தியும் கூட உடம்பு தானா ஆடறது நிக்கல. உள்ள வச்ச செல்லை வெளிய எடுக்க முடியாது, மாத்திரைன்னா நிறுத்திடலாம், செல்லை நிறுத்த முடியாது.

இதோட மறுபக்கமும் சொல்லணும். 1987ல இருந்து ஸ்வீடன்ல லுண்ட்ல செஞ்ச கரு செல் மாற்று சிகிச்சைல சில பேர் லெவோடோபாவே இல்லாம சில வருஷம் இருந்தாங்க. ஒருத்தர் 24 வருஷம் கழிச்சு இறந்தப்ப மூளையை பாத்தா வச்ச செல் உயிரோட, புட்டாமென் முழுக்க நரம்பு விட்டு படர்ந்திருந்தது. ஆனா அவருக்கு கிடைச்ச பலன் கடைசி வருஷங்கள்ல மங்கிடுச்சு, நோய் மத்த இடங்களுக்கு பரவிட்டதால. 2008ல வந்த ஆய்வுகள்ல, பத்து வருஷத்துக்கு மேல ஆன மாற்று செல்லுக்குள்ளயே பார்க்கின்சனோட அடையாளமான லூயி உருண்டைகள் இருந்தது, அதாவது புதுசா வச்ச செல்லையும் நோய் மெதுவா தொத்திக்குது. புட்டாமென்ல செல் வைக்கறது டோபமைன் பற்றாக்குறைக்கு மட்டும்தான் பதில், நோய்க்கு இல்ல.

உங்க அப்பா விஷயத்துக்கு வர்றேன்

நீங்க எழுதினதுல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது வீடியோவோ கிளினிக்கோ இல்ல, அப்பா விழறதும் மறதியும். நாளைக்கே அந்த ஜப்பான் முறை பக்கத்துல கிடைக்குதுன்னு வச்சுக்குவோம், அப்பவும் அது மாத்திரைக்கு நல்லா கேக்கற விஷயங்களுக்குத்தான் உதவும், இறுக்கம், மந்தம், நடுக்கம் இதுக்கு. மாத்திரை நல்லா வேலை செய்யற நேரத்துலயும் கால் ஒட்டிக்குதா, அப்பவும் விழறாரா, அப்படின்னா அதுக்கு டோபமைன் செல் பெருசா ஒண்ணும் செய்யாது. மறதி, மலச்சிக்கல், எழுந்தா தலை சுத்தறது, பேச்சு குழறல் இதெல்லாம் பெரும்பாலும் வேற நரம்புப் பாதைகளோட பிரச்சனை. ஞாபக சக்தி குறைஞ்சவங்களை இந்த ஆராய்ச்சிகள்ல வழக்கமா சேக்கறதும் இல்ல. இத எழுத எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா தெரியாம போய் ஏமாந்து நிக்கறதை விட இப்ப தெரியறது மேல்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லிருக்க மாட்டாங்க, இப்படி அங்கீகாரம் இல்லாத செல்லை ஒரு தடவ போட்டுக்கிட்டா நாளைக்கு நிஜமான ஆராய்ச்சில சேர வாய்ப்பு வந்தாலும் பல இடத்துல "ஏற்கனவே செல் போட்டவர்"னு நிராகரிச்சிடுவாங்க.

அதுக்காக கையைக் கட்டிட்டு உக்காரச் சொல்லல, செய்ய நிறைய இருக்கு. உங்க கடிதத்துல 5 வேளை லெவோடோபாவைத் தவிர வேற எந்த மருந்தும் இல்ல. மாத்திரை தாங்கற நேரத்தை நீட்டிக்கற துணை மருந்துகள் இருக்கு, வேளையை பிரிச்சு சின்ன டோஸா கொடுக்கலாம், புரதம் அதிகமான சாப்பாட்டோட சேர்த்து எடுத்தா லெவோடோபா சரியா உறிஞ்சப்படாது அதனால சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி மாத்தலாம், மலச்சிக்கலை சரி பண்ணாலே சில பேருக்கு மாத்திரை சீக்கிரம் ஏறும். டோபமைன் மாதிரி வேலை செய்யற அபோமார்ஃபின் மருந்தை செலுத்தற பம்ப், லெவோடோபாவை தொடர்ச்சியா உடம்புக்குள்ள செலுத்தற முறைகள் இருக்கு. டிபிஎஸ்ன்னு மூளையில மின்முனை வைக்கற ஆபரேஷன் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் தாண்டி வந்தது, மாத்திரை ஏற்ற இறக்கத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் நல்லா உதவும், மறதி இருக்கறதால அப்பாவுக்கு பொருந்துமான்னு ஞாபக சக்தி டெஸ்ட் எடுத்துட்டுதான் சொல்ல முடியும், அந்த டெஸ்ட்டை தள்ளிப் போடாதீங்க. எழுந்து நிக்கறப்ப பிரஷர் இறங்குதான்னு படுக்க வச்சும் நிக்க வச்சும் அளக்கச் சொல்லுங்க, விழறதுக்கு பாதி காரணம் அங்க இருக்கலாம். கதவுகிட்ட கால் ஒட்டறதுக்கு பிசியோதெரபிஸ்ட்கிட்ட தனி பயிற்சி உண்டு, தரையில குறுக்கா கோடு மாதிரி டேப் ஒட்டினா சில பேர் அந்த கோட்டை தாண்டறதா நினைச்சு கால் எடுத்துடுவாங்க, சின்ன விஷயம்தான் ஆனா வேலை செய்யறதை கண்ணால பாத்திருக்கேன்.

ரெண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்க. மாத்திரை எத்தனை மணிக்கு, எப்ப ஏறுச்சு, எப்ப இறங்குச்சு, எப்ப ஆட்டம், எப்ப கால் ஒட்டுச்சு, எப்ப சாப்பிட்டார். அந்த நோட்டையும் நீங்க எடுத்த ரெண்டு வீடியோவையும் கொண்டு போய் உங்க நரம்பு டாக்டர்கிட்ட கொடுத்துட்டு, கிளினிக் விஷயத்தையும் சேர்த்து சொல்லிடுங்க. திட்ட மாட்டார். ஒருவேளை முகம் சுளிச்சாலும் "எங்களுக்கு வேற வழி இருக்கான்னு கேக்கத்தான் வந்தோம் டாக்டர்"னு சொல்லுங்க, அது உங்க உரிமை.

அப்பவும் அந்த கிளினிக்குக்கு போகத்தான் போறீங்கன்னா

தம்பி மனசு மாறாம இருக்கலாம், அப்ப வாயால கேக்காம எழுத்துல கேளுங்க:

- ஊசியில இருக்க செல் எது, எத்தனை செல், எங்க தயாராகுது, அத மூளை நோய்க்கு போட எந்த அரசு அமைப்பு அனுமதி கொடுத்திருக்கு? ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்றறதுக்கு இருக்க அனுமதியை காட்டினா அது இதுக்கு செல்லாது.
- இது ஆராய்ச்சின்னு சொன்னா ட்ரையல் பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழு ஒப்புதல் கடிதம் எங்க? ஆராய்ச்சின்னா சோதிக்கப்படற சிகிச்சைக்கு நோயாளிகிட்ட பணம் வாங்கறது வழக்கம் இல்ல. அப்படி வாங்கினா அது ஒரு எச்சரிக்கை மணி.
- 2 வருஷம், 5 வருஷம் கழிச்சு யார் பரிசோதிப்பாங்க, கட்டி வந்தா யார் பொறுப்பு?

சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிக்கற உரிமை உங்களுக்கு உண்டு, எந்த நேரத்துலயும் வேண்டாம்னு சொல்ற உரிமையும் உண்டு. "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி"ன்னு சொன்னாங்கன்னு எழுதிருக்கீங்களே, மூளை சிகிச்சைக்கு தள்ளுபடி கொடுக்கற இடத்துல நான் என் அப்பாவை படுக்க வைக்க மாட்டேன்.

உண்மையான சோதனைகள் நின்னு போகல. அமெரிக்காவுல 2025ல அடுத்த பெரிய கட்டம் பொய் ஆபரேஷன் குழுவோட தொடங்கிருக்கு, ஜப்பான்லயும் 2025ல அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டாங்க. நம்ம மருத்துவர்கிட்ட வருஷத்துக்கு ஒரு தடவ "செல் மாற்று சோதனை எதுலயாவது அப்பாவை சேக்க முடியுமா"ன்னு கேட்டுட்டே இருங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

அம்மாகிட்ட சொல்லுங்க, முயற்சி பண்ணலன்னு மனசு உறுத்தும்னு அவங்க சொல்றது எனக்கு நல்லாவே புரியுது. 9 வருஷமா ராத்திரி எழுந்து அவரை புரட்டிப் படுக்க வைக்கறவங்க அவங்க, நீங்க எழுதின அந்த வரியில கொஞ்ச நேரம் நின்னுட்டேன். மாத்திரை நேரத்தை எழுதறது, பிரஷர் பாக்க வைக்கறது, பிசியோவுக்கு கூட்டிட்டுப் போறது, டிபிஎஸ்க்கு பொருந்துமான்னு கேக்கறது, இதெல்லாமும் முயற்சிதான் அம்மா, அந்த ஊசியை விட பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் இருக்க முயற்சி.

கடைசியா ஒண்ணு. உங்க கடிதம் முழுக்க தம்பி என்ன சொல்றார், அம்மா என்ன சொல்றாங்க, கிளினிக்ல என்ன சொன்னாங்கன்னு இருக்கு. அப்பா என்ன சொன்னார்னு ஒரு வரி கூட இல்ல. லேசான மறதி இருக்கறவருக்கும் தன் உடம்பு மேல கருத்து இருக்கும், அவர் பேச்சு மெதுவா வரும், முகத்துல உணர்ச்சி தெரியாது, அதனால வீட்ல எல்லாரும் அவரைத் தாண்டி பேசிடறது சகஜமா நடக்கும். மாத்திரை நல்லா ஏறின ஒரு நேரமா பாத்து, டிவியை நிறுத்திட்டு, பக்கத்துல உக்காந்து கேளுங்க, பதில் வர ஒரு நிமிஷம் ஆனாலும் நடுவுல நீங்க முடிச்சு வைக்காதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு மறுபடி எழுதறப்ப அவர் சொன்னதை முதல் வரியில எழுதுங்க.